நைனா விடிகாலையில டூட்டிக்குக் கிளம்பிடுறாரு. கதவைப் பூட்டலாமா?

பாலாற்றுப் பாலம் (இழை தொடங்கியவர்) · செவ்வாய் இரவு 11:20

தூக்கம் வரல, அதான் இங்க எழுதுறேன்.

எங்க நைனாவுக்கு 76 வயசு. அரசு பஸ்ல 31 வருஷம் கண்டக்டர். கடைசி பத்து வருஷம் வேலூர்–ஆரணி லைன். ரெண்டு வருஷமாவே பேர் மறக்கறது, சாப்பிட்டதை மறக்கறதுன்னு இருந்துச்சு. ஆறு மாசம் முன்னாடி டாக்டர் டிமென்ஷியா, அதாவது மறதி நோய்னு சொன்னாரு. வீட்டுக்குள்ள ஒண்ணும் பிரச்சினை இல்ல. சாந்தமா இருப்பாரு.

போன வியாழக்கிழமை 4 மணிக்கு அம்மா எழுந்து பார்த்தா வாசக்கதவு திறந்து கெடக்குது. நைனாவோட காக்கிச் சட்டையைக் காணோம். நானும் தம்பியும் ரெண்டு வண்டியில சத்துவாச்சாரி முழுக்க சுத்தினோம். கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோயில், கொசப்பேட்டை அத்தை வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தாச்சு. மதியம் 1 மணிக்குத்தான் நைனாவோட ஓட்டின டிரைவர் மாமா ஒருத்தருக்குப் போன் போட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "லைன்ல தேடினீங்களாடா?"

ரெண்டரை மணிக்கு கண்ணமங்கலம் பஸ் ஸ்டாப்புல ஒரு பொட்டிக்கடை நிழல்ல உக்காந்திருந்தாரு. நாக்கு வறண்டுபோய் பேச்சே வரல. பையில பைசா இல்ல. காக்கிச் சட்டை போட்ட பெரியவர் படிக்கட்டு ஓரம் நிக்கிறாரு, யாரு டிக்கெட் கேப்பாங்க?

இப்ப ஓசூர்ல இருக்கற அண்ணன் கிரில் கேட் போட்டு வெளிப்பக்கம் பூட்டச் சொல்றாரு. என் வீட்டுக்காரம்மா வேணாம்ங்குறா. அம்மாவுக்கு ராத்திரி தூக்கமே போச்சு. இதை அனுபவிச்சவங்க என்ன செஞ்சீங்க?

காட்பாடி ஜங்ஷன் · செவ்வாய் இரவு 11:41

பூட்டுங்க சார், யோசிக்காதீங்க. எங்க வீடு ஸ்டேஷன் பக்கம். எங்கம்மா ஒருநாள் பிளாட்பாரம் வரைக்கும் போய்ட்டாங்க. காட்பாடியில சென்னை, பெங்களூரு, திருப்பதி, விழுப்புரம்னு நாலு பக்கமும் வண்டி. ஏறி உக்காந்துட்டா எங்கன்னு தேடுவீங்க? ஹவுரா போற வண்டிகூட இங்க நிக்குது. அன்னைக்கே பூட்டு வாங்கிட்டேன்.

வார்டு அக்கா · புதன் காலை 5:50

நான் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ. காட்பாடித் தம்பி சொல்ற பயம் எனக்குப் புரியுது, ஆனா ஆளை உள்ள விட்டுட்டு வெளிய பூட்டிட்டுப் போறது மட்டும் கூடவே கூடாது. கேஸ் கசிஞ்சாலும் தீப்பிடிச்சாலும் அவங்களால என்ன செய்ய முடியும்? பூட்டின கதவை ஆட்டி ஆட்டி ஆத்திரம் ஏறி, மாடி ஜன்னல்ல கால் வெச்சவங்களையும் பார்த்திருக்கேன். வீட்ல ஆள் இருக்கும்போது ராத்திரிக்குத் தாழ் போடறது வேற விஷயம்.

தாழ்ப்பாளைக் கண்ணுக்கு நேரா வைக்காம கதவோட தலைமாட்டுலயோ கால்மாட்டுலயோ மாத்துங்க. பழகின இடத்துல தாழ் இல்லன்னா நிறைய பேருக்கு வேற இடத்துல தேடத் தோணாது. கதவுல ஒரு மணி கட்டுங்க. பழைய கொலுசு ஒண்ணு போதும், அம்மா காதுக்குக் கேக்கும். வாசக்கதவை மறைச்சு சுவர் நிறத்துலயே திரை போடலாம். வாசல்ல கறுப்பு மிதியடி போட்டா பள்ளம்னு நெனச்சுத் தாண்ட மாட்டாங்கன்னு சொல்வாங்க. சிலர்கிட்ட பலிக்கும், சிலர் அதைத் தாண்டப் போய் விழுந்துடுவாங்க. நான் சொல்ல மாட்டேன்.

இதைவிட முக்கியம், அவர் ஏன் எழுந்திருக்காருன்னு பாருங்க. 'சும்மா சுத்துறாங்க'ன்னு நாம சொல்றோம். அவங்க மனசுல சும்மா இல்ல, எங்கயோ போயாகணும். உங்க நைனாவுக்கு அது முதல் டிரிப். சிலருக்கு மூத்திரம் முட்டும், பாத்ரூம் எங்கன்னு தெரியாம கதவைத் திறந்து தெருவுக்கு வந்துடுவாங்க. பசி, தாகம், மலச்சிக்கல், மூட்டுவலி, எதுவும் சொல்லத் தெரியாது, நடக்க மட்டும் தெரியும். ராத்திரி பாத்ரூம் லைட் எரியட்டும், அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும்.

இன்னொண்ணு. ரெண்டு மூணு நாள்ல திடீர்னு குழப்பம் அதிகமாச்சுன்னா அதை மறதி முத்திடுச்சுன்னு விடாதீங்க. மூத்திரத்துல கிருமி, நீர் வத்தறது, புது மாத்திரை, இதுல ஏதாவது இருக்கும். நம்மூர் மே மாச வெயில்ல இது ரொம்ப சகஜம். டாக்டர்கிட்ட உடனே காட்டணும்.

பாலாற்றுப் பாலம் · புதன் காலை 7:15

அக்கா, பாத்ரூம் லைட் விஷயம் எங்க யாருக்கும் தோணவே இல்ல. கரண்ட் பில்லுன்னு அம்மாதான் எல்லா லைட்டையும் அணைச்சுடுவாங்க. தாழ்ப்பாளை இன்னைக்கே மாத்தறேன்.

குடியாத்தம் தறி · புதன் மதியம் 1:05

எங்க ஆயா கதை சொல்றேன். ஆம்பளைங்களுக்காவது பையில காசு வேணும். பொம்பளைங்களுக்கு 2021லேருந்து டவுன் பஸ்ல டிக்கெட்டே இலவசம். நல்ல திட்டம், நான் குறை சொல்லல, எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் அதுலதான் வேலைக்குப் போறாங்க. ஆனா எங்க ஆயா ஒரு நாள் முழுக்க அதே பஸ்ல போய்க்கினு வந்துகினு இருந்துச்சு. கேட்ட எடத்துல எல்லாம் கைய நீட்டி டிக்கெட் வாங்கிக்கிச்சு. சாயங்காலம் இடுப்புல பார்த்தா ஏழு டிக்கெட்டு.

அன்னைக்கு ஏன் போச்சுன்னா, என் தங்கச்சியைப் பொண்ணு பாக்க வந்திருந்தாங்க. 'கெழவிக்கு இப்படின்னு தெரிஞ்சா பரம்பரை வியாதின்னு சொல்லிடுவாங்க'ன்னு எங்க பெரியப்பா ஆயாவைத் தறிக்கொட்டாய்ல உக்கார வெச்சு கதவைச் சாத்திட்டாரு. பின்வாசல் ஒண்ணு இருக்கறதை மறந்துட்டாரு (மறதி யாருக்குன்னு எங்கம்மா இன்னும் கேக்குது). தட்டு மாத்தற நேரத்துல ஆயாவைக் காணோம். கடைசியில மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்த கார்லயே ஏறித் தேடினோம். சம்பந்தம் என்னாச்சுன்னு கேக்காதீங்க, அது வேற கதை.

நான் சொல்ல வர்றது, ஒளிச்சு வெச்சதாலதான் ஆளைத் தொலைச்சோம். எங்க தெருவுல யாருக்கும் விஷயம் தெரியாது. எதிர்வீட்டுக்காரர் ஆயா பஸ் ஏறறதைப் பார்த்துகினுதான் இருந்திருக்காரு. 'பேரன் வீட்டுக்குப் போவுதுன்னு நெனச்சேன்'னாரு.

மேல்விசாரம் · புதன் மாலை 6:40

குடியாத்தம் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. எங்க பக்கம் பெரியவங்க யாராவது காணோம்னா பள்ளிவாசல் மைக்ல சொல்லிடுவோம். 'இன்னாருடைய தகப்பனார், வெள்ளைச் சட்டை, கட்டம்போட்ட கைலி, பார்த்தவங்க பிடிச்சு வையுங்க.' அரை மணி நேரத்துல ஏதாவது டீக்கடையிலேருந்து போன் வந்துடும். முதல் தடவை சொல்லும்போது எங்கம்மா வெக்கப்பட்டு அழுதாங்க. நாலாவது தடவை அவங்களே போய் மோதினார்கிட்ட சொல்லிட்டு வந்தாங்க. கோயில் மைக்குலயும் சொல்லலாமே.

சிம் கார்டு · புதன் இரவு 9:30

ஜிபிஎஸ் வாட்ச் பத்தி யாரும் சொல்லலயே. சிம் போடற மாடல் இருக்கு, போன்ல மேப்புல காட்டும். ஒரு வட்டம் போட்டு வெச்சா அதைத் தாண்டினதும் அலாரம் அடிக்கும். என் மாமனாருக்கு வாங்கினேன். உண்மையைச் சொல்றேன், மூணு பிரச்சினை. தினமும் சார்ஜ் போடணும், ராத்திரி சார்ஜ்ல போட்டா அவர் போறதே அந்த நேரத்துலதான். ரெண்டு, ரீசார்ஜ் முடிஞ்சது தெரியாம ஒரு வாரம் சும்மா கட்டியிருந்தோம். மூணு, 'இது என் கடிகாரம் இல்ல'ன்னு கழட்டி அரிசி டப்பாவுல போட்டுட்டாரு. மேப்புல அரிசி டப்பா பத்திரமா வீட்லயே இருந்துச்சு.

சாவிக்கொத்துல மாட்டற சின்ன டேக் இன்னொரு வகை. பேட்டரி மாசக்கணக்குல வரும். ஆனா பக்கத்துல வேற யாராவது போன் வெச்சிருந்தாத்தான் அது இடம் சொல்லும். பஸ் ஸ்டாண்டுல சொல்லும், ஜவ்வாது மலைக் காட்டுல சொல்லாது. செருப்புல தைக்கலாம்னா எங்க மாமனார் வெறுங்கால்ல போற ஆளு. வாங்கறது தப்பில்ல, ஆனா அதை நம்பி மத்ததை விட்டுடாதீங்க.

குடியாத்தம் தறி · புதன் இரவு 9:52

சிம் கார்டு, கேக்கறதுக்கு சிரிப்பா இருக்கும். எங்க ஆயாவுக்கு நாங்க செஞ்சது, எவர்சில்வர் பாத்திரத்துல பேர் வெட்டித் தர்றவர் இருக்காரில்ல, அவர்கிட்ட போய் ஒரு எவர்சில்வர் காப்புல போன் நம்பர் வெட்டிக்கினு வந்தோம். கல்யாணச் சீர் குடத்துல பேர் வெட்டற அதே மெஷின். அஞ்சு நிமிஷ வேலை. தண்ணி பட்டாலும் அழியாது, சார்ஜ் வேணாம்.

பாலாற்றுப் பாலம் · புதன் இரவு 10:10

இது அருமை! நைனா அரைஞாண் கயிறு எப்பவும் கட்டியிருப்பாரு, அதுல தகடு மாதிரி மாட்டிடலாமா? கழட்டவே மாட்டாரே.

ஓய்வு ஏட்டு · புதன் இரவு 10:48

அரைஞாண்ல மாட்டினா கழட்ட மாட்டார், சரி. வேட்டிக்குள்ள இருக்கறதை எந்த வழிப்போக்கன் பார்ப்பான் தம்பி? கையில காப்பும் போடு, இடுப்புல தகடும் போடு. வீட்டு விலாசம் வெட்டாதே. ரெண்டு போன் நம்பர், 'மறதி உண்டு, அழைக்கவும்'. அது போதும். வயசானவங்க தனியா இருக்கற வீட்டு விலாசத்தை ஊருக்கெல்லாம் காட்டக் கூடாது.

டிபார்ட்மென்ட்ல இருந்தவன் என்ற முறையில சில விஷயம். 24 மணி நேரம் கழிச்சுத்தான் புகார் எடுப்பாங்கன்னு ஜனங்க நம்பிக்கிட்டு இருக்காங்க. அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஆள் இல்லன்னு தெரிஞ்ச பத்தாவது நிமிஷம் 112 அடிக்கலாம். ஸ்டேஷனுக்குப் போகும்போது மனுவுல 'மறதி நோயாளி, தானாகத் திரும்பி வரத் தெரியாது' என்கிற வரியை முதல் வரியா எழுதுங்க. டாக்டர் சீட்டு நகல் ஒண்ணு வையுங்க. வெறுமனே 'அப்பாவைக் காணோம்'னா வீட்ல சண்டை போட்டுட்டுப் போயிருப்பாருன்னு நினைக்கறது மனித இயல்பு. 'இது எங்க ஸ்டேஷன் எல்லை இல்ல'ன்னு தகராறு பேசினா, எந்த ஸ்டேஷன்லயும் தகவல் கொடுக்கலாம்னு 2024 ஜூலையில அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 173ஆம் பிரிவு சொல்லுது. மனு ரசீது வாங்காம வராதீங்க. ரயிலுன்னு சந்தேகம் வந்தா 139. முதியோர் உதவி எண் 14567, ஆனா அது காலை 8லேருந்து இரவு 8 வரைதான், விடிகாலைக்கு உதவாது.

கல்யாண ஆல்பத்துல இருக்கற பத்து வருஷத்துக்கு முந்தின போட்டோவைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. ஒரு பிரயோஜனமும் இல்ல. மாசத்துக்கு ஒரு போட்டோ முழு உருவமா எடுத்து வையுங்க. ராத்திரி படுக்கும்போது என்ன சட்டைன்னு மனசுல வெச்சுக்கணும்.

தேடறதுக்கு: பஸ், ரயில் ஏறலன்னா பெரும்பாலும் ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள்ளதான் இருப்பாங்க. நேரா நடந்து, வழி அடைபட்ட இடத்துல அப்படியே நின்னுடுவாங்க, இல்ல உக்காந்துடுவாங்க. முள்ளுப் புதர், கால்வாய் ஓரம், பாதி கட்டின வீடு. தண்ணி இருக்கற இடத்தை முதல்ல பாருங்க. ஏரி, கெணறு, கோட்டைன்னா அகழி. சொல்லவே கஷ்டமா இருக்கு, ஆனா அதைத்தான் எல்லாரும் கடைசியா பாக்கறாங்க. கூப்பிட்டா பதில் வரும்னு நம்பாதீங்க. பத்தடி தூரத்துல உக்காந்துகிட்டு வாயே திறக்காம இருப்பாங்க. கண்ணால பார்க்கணும்.

பாலாற்றுப் பாலம் · புதன் இரவு 11:02

ஐயா, இது நூறு சதம் நிஜம். கண்ணமங்கலத்துல நான் 'நைனா நைனா'ன்னு கத்தினேன், திரும்பல. பேர் சொன்னேன், திரும்பல. டிரைவர் மாமா வந்து 'கண்டக்டர், ரைட் போலாமா?'ன்னாரு. உடனே எழுந்து நின்னுட்டாரு.

நூலகப் புழு · வியாழன் காலை 10:20

சற்று விலகி ஒரு செய்தி. ஜப்பானில் 2007இல் ஓபு என்ற ஊரில் மறதி நோயுள்ள 91 வயது முதியவர் ஒருவர் வீட்டை விட்டு வெளியேறி ரயிலில் அடிபட்டு இறந்தார். அவரைக் கவனித்துவந்த மனைவிக்கு 85 வயது. சற்று நேரம் கண்ணயர்ந்திருக்கிறார், அவ்வளவுதான். ரயில் நிறுவனம் தாமத நட்டத்திற்காக ஏறத்தாழ 72 லட்சம் யென் கேட்டு குடும்பத்தின் மீதே வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றங்களில் குடும்பம் தோற்றது. 2016இல் உச்ச நீதிமன்றம் குடும்பம் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. 'இருபத்து நாலு மணி நேரமும் கண்கொத்திப் பாம்பாக இரு' என்று ஒரு குடும்பத்திடம் மட்டும் சொல்ல முடியாது என்பதை அந்த நாடு வழக்காடித் தெரிந்துகொண்டது. அங்கே ஓமுதா என்ற நகரில் ஊர்க்காரர்களே ஒத்திகை நடத்துகிறார்கள். ஒருவர் வழி தவறியவர்போல் தெருவில் நடப்பார், மற்றவர்கள் அவரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று பழகுகிறார்கள்.

இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது, 7.4 சதவீதம். அதாவது 88 லட்சம் பேர். உங்கள் தெருவிலேயே இன்னொருவர் இருப்பார்.

பேருந்து நடத்துநர் என்றதும் நினைவுக்கு வந்தது: ஜெர்மனியில் டியூசல்டார்ஃப் நகரின் பென்ராத் முதியோர் இல்லத்துக்கு முன்னால் பேருந்தே வராத ஒரு பேருந்து நிறுத்தம் வைத்தார்கள். 'வீட்டுக்குப் போகணும்' என்று கிளம்புகிறவர்கள் அங்கே போய் உட்காருவார்கள். சிறிது நேரத்தில் பரபரப்பு அடங்கியதும் உள்ளே அழைத்து வந்துவிடுவார்கள்.

காட்பாடி ஜங்ஷன் · வியாழன் காலை 10:55

பெத்தவங்களை ஏமாத்தறதா? வராத பஸ்ஸுக்கு உக்கார வைக்கறது எனக்குப் பிடிக்கல.

வார்டு அக்கா · வியாழன் காலை 11:30

பூட்டு போடறது பிடிச்சிருக்கு, ஸ்டாப் போடறது பிடிக்கலயா தம்பி? நீங்க 'டூட்டி எல்லாம் முடிஞ்சு பல வருஷம் ஆச்சு'ன்னு தினமும் உண்மையைச் சொல்லுங்க. தினமும் அன்னைக்குத்தான் ரிட்டையர் ஆன மாதிரி அவருக்கு நெஞ்சு அடைக்கும். நான் அந்த முகத்தைப் பார்த்திருக்கேன்.

வேகம்99 · வியாழன் மதியம் 2:14

ராத்திரி ஒரு தூக்க மாத்திரை கொடுத்தா முடிஞ்சுது. இல்லன்னா இல்லத்துல விட்டுடுங்க. இதுக்குப் போய் இவ்ளோ பேச்சு.

வார்டு அக்கா · வியாழன் மதியம் 2:40

தூக்க மாத்திரை கொடுத்தா குழப்பம் கூடும், ராத்திரி பாத்ரூம் போக எழுந்து விழுந்து இடுப்பெலும்பு உடையும். டாக்டர் எழுதாம எதுவும் கொடுக்கக் கூடாது. இல்லத்துல விடறதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன், சில வீட்ல வேற வழியே இருக்காது. ஆனா புது இடத்துலதான் முதல் சில வாரம் வெளிய போற ஆபத்து அதிகம். சேர்க்கறதுக்கு முன்னாடி அவங்க வாசலை எப்படிப் பார்த்துக்கறாங்கன்னு கேளுங்க.

ஓய்வு ஏட்டு · வியாழன் இரவு 8:05

பாலாற்றுத் தம்பி, ஒரு வேலை செய். உன் தெருவுல விடிகாலை 4 மணிக்கு முழிச்சிருக்கறவங்க யார் யாருன்னு ஒரு கணக்கு எடு. உறவுக்காரங்க அந்த நேரத்துல தூங்கறாங்க. பால் பாக்கெட் போடற பையன், பேப்பர் பையன், டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, தெரு பெருக்க வர்ற அம்மாங்க, அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன். அவங்க கையில நைனா போட்டோவையும் உன் நம்பரையும் கொடு.

பாலாற்றுப் பாலம் · ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9:15

எல்லாருக்கும் ஒரு தகவல் சொல்ல வந்தேன்.

ஏட்டையா சொன்ன கணக்கு எடுத்தேன், எங்க தெருவுல ஒன்பது பேர். அம்மாவுக்கு இஷ்டமே இல்ல. 'ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்கணுமா'ன்னாங்க. ஒரு நாள் காலையில அவங்களையே கூட்டிக்கினு போனேன். முதல்ல பால் போடறவர்கிட்ட நின்னோம். அம்மா ஆரம்பிச்சு ரெண்டு வார்த்தை சொன்னாங்க, அழுகை வந்துடுச்சு. அவர், 'தெரியும்மா. ரெண்டு மாசமா கேட்டாண்ட நின்னு எங்கிட்ட எங்க போகணும், எங்க போகணும்னு கேட்டுகினு இருக்காரு. நீங்க சங்கடப்படுவீங்கன்னு நான்தான் சொல்லல'ன்னாரு. டீக்கடைக்காரருக்கும் தெரிஞ்சிருக்கு. வாட்ச்மேனுக்கும் தெரிஞ்சிருக்கு. வீட்ல இருக்கற நாங்கதான் யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுகினு இருந்திருக்கோம்.

தாழ்ப்பாள் மேல போயிடுச்சு, கொலுசு கட்டியாச்சு. நைனாவோட பழைய தோல் பையைப் பரண்லேருந்து எடுத்து, சில்லறைக் காசும் ஒரு கட்டு பழைய டிக்கெட்டும் போட்டு அவர் கட்டில் பக்கத்துல வெச்சிருக்கோம். 4 மணிக்கு எழுந்தா அம்மா லைட்டைப் போட்டு காபி கொடுத்துட்டு, 'முதல்ல கணக்கு பாருங்க'ன்னு சொல்லிடுவாங்க. எண்ணுவாரு, எழுதுவாரு, தப்பா வரும், திரும்ப எண்ணுவாரு. பெரும்பாலும் விடிஞ்சிடும். காட்பாடிக்காரர் மன்னிக்கணும், நாங்களும் ஏமாத்தறோம்.

எப்பவும் பலிக்குதுன்னு இல்ல. போன செவ்வாய்க்கிழமை அம்மா காபி போடப் போன நேரத்துல தெருவுக்கு வந்துட்டாரு. கொலுசு சத்தம் குக்கர் சத்தத்துல கேக்கல. நான் சட்டையை மாட்டறதுக்குள்ள போன் வந்துடுச்சு. டீக்கடை பெஞ்சுல உக்காந்து, பக்கத்துல இருந்த ஆட்டோக்காரர்கிட்ட 'சில்லறையா கொடுங்க'ன்னு கேட்டிருக்காரு. அவரும் ரெண்டு ரூபா கொடுத்து 'ஒரு கண்ணமங்கலம்'னு சொல்லியிருக்காரு.

அண்ணன் இன்னும் கிரில் கேட் பத்திப் பேசிக்கினுதான் இருக்காரு. அடுத்த மாசம் பத்து நாள் இங்க வந்து ராத்திரி டூட்டி பார்க்கச் சொல்லியிருக்கேன்.

காட்பாடி ஜங்ஷன் · ஞாயிறு இரவு 9:40

மன்னிப்பெல்லாம் எதுக்கு சார். எங்கம்மாவுக்கும் அந்தக் காப்பு செய்யணும். வேலூர்ல எங்க வெட்டுனீங்க?

பாலாற்றுப் பாலம் · ஞாயிறு இரவு 9:44

லாங்கு பஜார்ல பாத்திரக்கடைங்க வரிசையில விசாரிங்க, வாசல்லயே சின்ன டேபிள் போட்டு உக்காந்திருப்பாரு. நம்பரை ஒரு பேப்பர்ல பெருசா எழுதிக்கினு போங்க. எனக்கு முதல் காப்புல ஒரு 3 எட்டா விழுந்துடுச்சு, திரும்பச் செய்ய வேண்டியதாப் போச்சு.

காட்பாடி ஜங்ஷன் · ஞாயிறு இரவு 9:46

ஞாயித்துக்கிழமை இருப்பாரா?

பாலாற்றுப் பாலம் · ஞாயிறு இரவு 9:51

மதியம் வரைக்கும் இருப்பாரு. வெட்டினதும் அங்கயே நின்னு அந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்க.